சம்பந்திக்குச் சொல்லும் பதில்

எங்கள் வீட்டில் அக்கா குண்டு, நான் ஒல்லி. பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு ரவிக்கை தைத்துக்கொடுக்கும் அம்மாள் அளவு எடுக்கும்போதெல்லாம் ஒரே வசனத்தைத்தான் சொல்வார். "பெரியவங்களுக்குச் சாமி அள்ளிக் குடுத்துட்டாரு, டீச்சருக்குக் கிள்ளிக் குடுத்திருக்காருலா!" கடையில் நிற்கும் பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதிலுக்கு நானும் ஏதாவது சுருக்கென்று சொல்லிவைப்பேன். அந்தத் தீபாவளிக்கு என் ரவிக்கையின் கை மட்டும் இறுக்கமாக வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்த ஆசிரியை ஒருவர் மார்பில் கட்டி வந்து, ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. மேமோகிராம் என்று ஒரு எக்ஸ்ரே இருக்கிறதாம், நாற்பது தாண்டியவர்கள் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். நான் என்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. கிள்ளிக் கொடுத்த இடத்தில் என்ன வந்துவிடப் போகிறது? அள்ளிக் கொடுத்த அக்காவை நினைத்துத்தான் பயந்தேன். அவள் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். நானும் எடுக்கிறேன் என்று சொல்லித்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார் என் வீட்டுக்காரர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். அவர் ரயில்வேயில் வேலை. எதற்கும் அவசரப்படாத மனிதர். அதனாலேயே எங்கள் வீட்டில் அவசரப்படும் வேலை முழுதும் என் தலையில் விழுந்திருந்தது.

போகிற வழியில் அக்கா காரைக் கோயிலில் நிறுத்தச் சொன்னாள். அர்ச்சனை செய்து, ஒரு பொட்டலம் திருநீறு வாங்கி, தன் நெற்றியில் பூசிக்கொண்டாள். பிறகு கோயில் வாசலிலேயே என்னை நிறுத்தி, என் ரவிக்கைக் கழுத்துக்குள் கையைவிட்டு, மிச்சத்தை மார்பெல்லாம் அப்பினாள். சின்ன வயதில் எனக்குச் சளி பிடித்தால் அப்படித்தான் செய்வாள். "எங்க பயமோ அங்க பூசணும்டி" என்றாள்.

"எனக்கென்ன பயம்? பயம் ஒனக்குத்தான்!" என்று கையைத் தட்டிவிட்டேன்.

"அதான் பாத்தேனே, காலையிலேருந்து குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கிட்டிருந்தத."

பங்சார் பக்கம் இருந்த ஒரு தனியார் மருத்துவமனை. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள்: அன்றைக்குப் பவுடர் போடக்கூடாது, வாசனைத் தைலம் பூசக்கூடாது. நாங்களும் அதைச் சட்டம் போலக் கடைப்பிடித்தோம். வெயில் கொளுத்திய நாளில் முகத்துக்குக்கூடப் பவுடர் போடாமல் எண்ணெய் வடியப் போய் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு சின்ன வயதுத் தாதி வந்து விவரம் கேட்டாள். நம் பெண்தான். "ஃபேமிலியில யாருக்காச்சும் பிரெஸ்ட் கேன்சர் இருந்திச்சா ஆன்டி?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றோம் நானும் அக்காவும் ஒரே குரலில். அவள் வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டோம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் பெண் பார்க்க வருகிறவர்கள் வந்து கேசரி தின்றுவிட்டுப் போய்விடமாட்டார்கள். அதற்கு முன்னாலேயே விசாரிப்பு நடந்துவிடும். கோயில் குருக்களிடம், மளிகைக் கடைக்காரரிடம், அடுத்த வீட்டு ஆன்டியிடம் கேட்பார்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்காவது காசநோய் உண்டா, மனநிலை சரியில்லாதவர் உண்டா, சின்ன வயதில் செத்தவர் உண்டா? அப்புறம் நேரில் வந்து, பேச்சுவாக்கில் கேட்பதுபோல மறுபடியும் கேட்பார்கள். அதற்கு எங்கள் அம்மா எங்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று உண்டு: "எங்க வீட்ல யாருக்கும் ஒரு வியாதியும் இல்ல. சக்கரகூடக் கெடையாது." அக்காவைப் பார்க்க வந்தவர்களிடம் அம்மா இதைச் சொன்னபோது, அப்பா அடுப்படியில் சர்க்கரை மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பதில் எங்கள் இரண்டு பேர் வாயிலும் அப்படியே தங்கிவிட்டது. கேட்டவள் தாதி என்பது மறந்து, அவளையும் சம்பந்தி வீட்டுக்காரியாக நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

அந்த இயந்திரத்தைப் பற்றி என்ன சொல்ல? இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறார்கள். அக்கா "ஐயோ அம்மா" என்று கத்தியது வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. என் முறை வந்தபோது, அழுத்துவதற்கே ஒன்றும் சிக்காமல் தாதி பாடுபட்டாள். இழுத்துப் பிடித்து வைத்ததில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் சீனப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். முதலில் அக்காவின் படம். கறுப்பாக, ஆங்காங்கே மெல்லிய வெள்ளைக் கோடுகளுடன் சுத்தமாக இருந்தது. "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்றார். அக்கா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடுத்தது என் படம். தோசைக்கல்லில் மாவு ஊற்றியது மாதிரி முழுக்க வெள்ளை.

"இது அடர்த்தியான மார்பு" என்றார் டாக்டர். கொழுப்பு இருக்கும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். பால் சுரக்கும் சதையும் நாரும் வெள்ளையாகத் தெரியுமாம். கட்டி வந்தால் அதுவும் வெள்ளைதானாம். "வெள்ளைக்குள் வெள்ளையை எப்படித் தேடுவது, சொல்லுங்கள்? அடர்த்தி ஒரு நோய் அல்ல. நிறையப் பெண்களுக்கு இருக்கிறது. ஆனால் அது மறைக்கும். நோய் வரும் வாய்ப்பையும் கொஞ்சம் கூட்டும்."

"எனக்கு எப்படி? நான்தான் ஒல்லியாச்சே!"

பெரியது சிறியது என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை, தொட்டுப் பார்த்தும் சொல்ல முடியாது என்றார். தையற்கார அம்மாளின் சாமியும் நானும் சேர்ந்து போட்ட கணக்கு அந்த நிமிடமே பொய்யாகிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே சோற்றைத் தின்றோம், அவளுக்கு மட்டும் எப்படிச் சுத்தமான கறுப்பு என்று டாக்டரிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பையன்களை அதட்டும் குரலில்தான் கேட்டேன் என்று அக்கா பிறகு சொன்னாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பெண்களின் ஹார்மோன் உடம்பில் எவ்வளவு சுரக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கரைகிறது, அதற்கு மார்புச் சதை எவ்வளவு செவிசாய்க்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் சில பெண்களுக்குக் கறுப்பாக இருந்த படம் வெளுத்துப்போவதை அவரே பார்த்திருக்கிறாராம். அந்த ஹார்மோன்களை ஆட்டிவைக்கும் மரபணுக்களில்தான் அடர்த்தியின் காரணமும் ஓரளவு இருக்கலாம், எவை என்று இப்போதுதான் தேட ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார். இருக்கலாம், இருக்கலாம் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் கூடியது. தேர்வுத் தாளில் 'இருக்கலாம்' என்று எழுதியவனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

"அப்ப அக்கா தங்கச்சிக்கு ஒண்ணாத்தானே இருக்கணும்?" என்று அக்கா மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டாள்.

பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனால் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்றார். எனக்கு அது என் அடுப்படி வழியாகத்தான் விளங்கியது. ஒரே சாம்பார்ச் சட்டியிலிருந்து இரண்டு கரண்டி எடுத்தால் ஒன்றில் காய் நிறைய வரும், ஒன்றில் தண்ணியாக வரும். எனக்கு வந்தது காய்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்து என் இடது பக்கப் படத்தின் கீழ்ப்பகுதியில் வைத்தார். உப்பைத் தூவியது போலப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தன. சில நேரம் இது ஒன்றுமில்லாமல் இருக்கும், சில நேரம் ஆரம்பமாக இருக்கும் என்றார். மாதவிலக்கு முடிந்து அடுத்த வாரம் வரவேண்டும், அப்போது மார்பு கொஞ்சம் இளகியிருக்கும், மறுபடி படம் எடுக்கலாம் என்றார். பிறகு தாதி எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்பா பக்கத்திலும் விசாரித்தீர்களா? நீங்கள் பாதி உங்கள் அப்பா இல்லையா?"

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் ஒரே நேரத்தில் சின்ன அத்தை நினைவுக்கு வந்தார்.

சின்ன அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எழுபதுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் இறந்தார். நாற்பதுகூட ஆகவில்லை. காமாலை என்று சொன்னார்கள். அப்பாவின் மூத்த தங்கையான பெரிய அத்தை வீட்டின் பின்னறையில் திரை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கல்யாணம் ஆகாத பெண்கள் உள்ளே போகக்கூடாது, தொற்றிக்கொள்ளும் என்று எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கீழாநெல்லி அரைக்கும் சத்தம் கேட்டது, டெட்டால் வாடை வந்தது. ஒருமுறை காற்றில் திரை விலகியபோது அத்தை என்னைப் பார்த்தார். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. காமாலைக்காரியின் கண் மஞ்சளாக அல்லவா இருக்க வேண்டும்? இருபது வயதில் அதை ஒரு கேள்வியாக நான் நினைக்கவே இல்லை.

அந்த ஒரு வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்போது பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே நிலத்தைத் தோண்டிப் புதிய ஸ்டேஷன் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை அஸ்திவாரத் தூண் இறக்கப் பைலிங் அடிப்பார்கள். ணங், ணங் என்று அடிக்கும் ஒவ்வொரு அடியும் என் இடது பக்கத்தில்தான் விழுந்தது. அலமாரியைக் காலி செய்து துடைத்து மறுபடி அடுக்கினேன். அடுக்கியதைப் பிடிக்காமல் மறுபடி கலைத்தேன். பையன்களின் கணக்குப் புத்தகத்தில் சரிக்குத் தப்பும் தப்புக்குச் சரியும் போட்டேன். ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், ஏழும் அஞ்சும் பன்னெண்டுதானே?" என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. சோறு இறங்கவில்லை. குளிக்கும்போது இடது பக்கத்தைத் தொடப் பயமாக இருந்தது. தொடாமல் இருக்கவும் முடியவில்லை.

"அடுத்த வாரம்தானே சொன்னாங்க? இப்பவே ஏன் மனசச் சூசா பண்ணிக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒங்களுக்கென்ன, ஒங்க நெஞ்சா?" என்று கத்தினேன். அவர் அன்றைக்கு முதல்முறையாகச் செய்தித்தாளை மடித்து வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள், கேட்க இருந்தது பெரிய அத்தை ஒருவர்தான். சனிக்கிழமை பள்ளி இல்லை. பழைய ஸ்டேஷனில் கோமூட்டர் என்ற புறநகர் ரயிலைப் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். அந்த ரயில் ஓட ஆரம்பித்த புதிது. ஏசி குளுகுளுவென்று இருந்தது, உட்கார இடமும் இருந்தது. நான் கதவருகிலேயே நின்றுகொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இது கிள்ளானா என்று எட்டிப் பார்த்தேன்.

பெரிய அத்தைக்கு எழுபதை நெருங்கும் வயது. மாமா மிளகாய் அரைக்கும் மில் வைத்திருந்து காலமானவர். இப்போது மூத்த மகன் அதை நடத்தினார். அந்த மகனின் பெண்ணுக்கு, அதாவது அத்தையின் பேத்திக்கு, காஜாங்கில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. தை மாதம் கல்யாணம். வீடு முழுக்கப் பட்டுப்புடவைப் பெட்டியும் வளையல் டப்பாவுமாகக் கிடந்தன.

"வாடி என் டீச்சரு, ஒடம்பு என்ன இப்படி எளச்சுப் போச்சு?" என்று அத்தை வாய் நிறைய வரவேற்றார். புடவை முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருந்தார். முன்பெல்லாம் கட்டிப்பிடித்து உச்சி முகர்வார். இப்போது வலது கையால் என் கன்னத்தைத் தட்டினார். மேல் தட்டில் இருந்த முறுக்கு டின்னை எடுக்கச் சொல்லி என்னையே ஏவினார். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கோப்பி ஆறுவதற்குள் கேட்டுவிட்டேன். "சின்னத்த எதனால செத்தாங்க?"

"காமாலதான். ஒனக்குத் தெரியாதா?"

"கண்ணு மஞ்சளா இல்லியே, அத்த."

"இத்தன வருஷம் கழிச்சு என்னடி விசாரண? சாமியாப் போனவள இழுத்துக்கிட்டு!"

நடந்ததைச் சொன்னேன். படம், வெள்ளை, புள்ளிகள், டாக்டர் கேட்ட கேள்வி. அத்தை பதறிப்போய் அருகில் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "முருகா, ஒனக்கா?" என்றார். ஆனாலும் அடுத்த வார்த்தை மறுபடி காமாலைதான். கூடத்தில் பேத்தி இருக்கிறாள், மெதுவாகப் பேசு என்று கண்ணைக் காட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க! நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? நான் ஒங்க அண்ணன் மக, அத்த. சம்பந்தியில்ல!"

அத்தை எழுந்துபோய் முறுக்கைப் பொட்டலம் கட்டினார். கட்டியதை என் மடியில் வைத்துவிட்டு, "அடுத்த ரயிலு எப்பலா?" என்று கேட்டார். போய்த் தொலை என்பதற்கு எங்கள் வீட்டில் இதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது. ஸ்டேஷன்வரை அழுதுகொண்டேதான் நடந்தேன். பொட்டலத்தை வீசி எறியலாமா என்றிருந்தது. பசியெடுத்ததால் தின்றுவிட்டேன்.

மறுபடி மருத்துவமனைக்குப் போன நாளில் அக்காவும் வந்தாள். கையில் புதிய திருநீற்றுப் பொட்டலம். மேல்சட்டையைக் கழற்றி மருத்துவமனை அங்கியை மாட்டிக்கொள்ளப் போன என்னிடம், "இரு, இரு" என்று ஓடிவந்து பூச ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத் தாதி திரையை விலக்கினாள்.

"ஆன்டி! என்ன பூசுறீங்க?"

"திருநீறும்மா."

"போன தடவையும் பூசினீங்களா? எங்க?"

அக்கா என் நெஞ்சைக் காட்டினாள்.

"பவுடர் போடக்கூடாதுன்னு சொன்னோமே ஆன்டி!"

"பவுடரு போடலியே. திருநீறு எப்படிப் பவுடராகும்?" அக்கா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். உண்மையைச் சொன்னால் நானும்தான். நாங்கள் வளர்ந்த வீட்டில் யாரும் திருநீற்றையும் டால்கம் பவுடரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்ததில்லை.

தாதி என்னைக் குளியலறைக்கு அனுப்பிச் சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொன்னாள். மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் தேடினார். புள்ளி ஒன்றுகூட இல்லை. திருநீற்றுப் பொடி மார்பின் கீழ் மடிப்பில் ஒட்டிக்கொண்டு படத்தில் விழுந்திருக்கிறது. அவருக்கு விளக்கிச் சொன்னபோது சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அக்காவை அடிக்கக் கை ஓங்கினேன், அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரம் என்னைக் கொன்ற பாவி, சாமியே என்னைக் காப்பாற்றிவிட்டதாகக் காணிக்கை வேறு நேர்ந்துகொண்டாள்.

வெள்ளை மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கழுவிவிட முடியாது. அல்ட்ராசவுண்ட் கருவியாலும் பார்த்து, இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருடாவருடம் வரவேண்டும் என்றார் டாக்டர். அப்பா பக்கம் என்ன ஆயிற்று என்றும் கேட்டார். "கேட்டேன், காமாலை என்கிறார்கள்" என்றேன். அவர் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார்.

கோபம் இருந்தாலும் அத்தையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முருகா என்று பிடித்த கையின் சூடு அப்படியே இருந்தது. அடுத்த விடுமுறையில் மறுபடி கிள்ளானுக்குப் போனேன். திருநீற்றுக் கதையைக் கேட்டு அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஒனக்கு ஒண்ணும் இல்லல்ல? நெசமாத்தானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கூடத்தில் பேத்தி வளையல்களைப் புடவையோடு வைத்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போதைக்கு இல்ல. ஆனா நெஞ்சு அடர்த்தி. அது ஒங்க வீட்லேருந்து வந்திருக்கலாமாம்." எனக்கே தெரியாமல் அந்த 'லாம்' என் வாயிலும் வந்துவிட்டது.

"எங்க வீட்லேருந்து எப்படிடி வரும்? நீ ஒங்கம்மா வயித்துல பொறந்தவ."

"அப்பாகிட்டேருந்து பாதி வருமாம், அத்த. ஆம்பளைக்குத் தெரியாமலே அவங்க ஒடம்புல இருந்து, அவங்க பெத்த பொண்ணுக்கு வருமாம். நெஞ்சு அடர்த்தியும் அப்படித்தான், சில குடும்பத்துல இந்த நோயும் அப்படித்தானாம்."

"ஆம்பள வழியாவா?" என்று மெதுவாகக் கேட்டார் அத்தை. "எனக்கு ரெண்டும் பையனுங்கதானேன்னு நெனச்சேன். என்னோட போயிடும்னு..."

சொன்னவர் நிறுத்திக்கொண்டார். கூடத்தைப் பார்த்தார். மகனுக்குப் பிறந்த பெண் சிவப்பு வளையலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை எழுந்து அடுப்படிக் கதவைச் சாத்தினார்.

"அந்த மெஷின்ல வெச்சா ரொம்ப வலிக்குமா?"

"அவளுக்கு இப்ப வேணாம் அத்த. சின்ன வயசு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டு வெச்சுக்கலாம்."

"அவளுக்குக் கேக்கல" என்றார் அத்தை.

முந்தானையைத் தோளிலிருந்து எடுத்தார். நான் ஐயோ என்று கத்தியிருக்க வேண்டும். அவர் என் வாயைப் பொத்தினார். போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே அந்தக் கட்டி இருக்கிறதாம். தங்கைக்கு வந்த அதே பக்கம். கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்தாராம். காஜாங் சம்பந்திகள் வந்து, வீட்டில் யாருக்காவது ஏதாவது உண்டா என்று கேட்டபோது, இந்தக் கட்டியைச் சுமந்துகொண்டே, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சொன்னாராம். "அன்னிக்கும் அப்படித்தானே சொன்னோம்? சின்னவளுக்கு இதுதான்னு தெரிஞ்சா, ஒங்க ரெண்டு பேரையும் யாரு கட்டுவா? ஒங்களுக்காகத்தான்டி அவளுக்குக் காமாலன்னு சொன்னோம். அவகூட அப்படியே சொல்லச் சொல்லிட்டுத்தான் போனா."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கல்யாணம், அக்காவின் கல்யாணம் எல்லாம் சின்ன அத்தையின் திரைக்குப் பின்னால் நடந்திருக்கிறது. யாரைத் திட்டுவது? எனக்கு அத்தனை கோபம், அத்தனை பேர் மேலும் கோபம். அந்த வெள்ளைக் கண்ணை நினைத்து வாய்விட்டு அழுதேன்.

"தை வரைக்கும் பொறுத்துக்கடி" என்றார் அத்தை.

"பொறுத்து என்ன ஆகும்? நாளைக்கு ஒரு டாக்டர் ஒங்க பேத்திகிட்டக் கேப்பாங்க. அவளும் எங்களாட்டம் யாருக்கும் ஒண்ணும் இல்லம்பா. அவளுக்குத் தெரியாதே, அத்த!"

அதற்கு மேல் அத்தை வாதாடவில்லை. கதவைத் திறந்து பேத்தியைக் கூப்பிட்டார்.

பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. காஜாங்காரர்கள் முகம் சுளித்தார்கள், கல்யாணம் தை தள்ளிப் பங்குனிக்குப் போனது, ஆனாலும் நடந்தது. அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார். அதன்பின் சில தீபாவளிகளையும் பார்த்தார். இவையெல்லாம் சொன்னால் கதை வளரும். எனக்கு மறக்காதது அத்தையை முதன்முதலில் மருத்துவமனைக்கு அழைத்துப்போன அந்தத் திங்கட்கிழமைதான்.

பேத்திதான் கார் ஓட்டிவந்தாள். மருத்துவமனைக் கூடத்தில் அத்தையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அதே சின்னத் தாதி வந்தாள். என்னைப் பார்த்ததும், "திருநீறு இல்லல்ல ஆன்டி?" என்று சிரித்தாள். பிறகு அத்தையிடம் குனிந்து, எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள். "ஃபேமிலியில யாருக்காச்சும் இருந்திச்சா பாட்டி?"

பழக்கத்தில் அத்தையின் வாய் திறந்தது. யாருக்கும் என்ற சொல் உதட்டுக்கே வந்துவிட்டதை நான் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு, பேத்தியின் கையைத் தேடிப் பிடித்தார்.

"என் தங்கச்சிக்கு" என்றார், அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி. "காமால இல்லம்மா. இதுதான்."